தீர்மான நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க!

கேள்வி: வருமானச் சான்றிதழ் கேட்டு ஊராட்சி ஆபீசுக்கு மூன்று நாள் நடந்தேன். தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

போட அவருக்கு அதிகாரமே இல்லை, அம்மா. அது வருவாய்த் துறை தருவது. இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள், வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாக வரும். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊர்ச்சாலை, வீட்டு வரி: இவைதான் ஊராட்சியின் பாடு. மூன்று நாளில் ஒருவர்கூட இதை உங்களிடம் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: பத்து நாளாகத் தெருவிளக்கு எரியவில்லை. மின்வாரியம் ஊராட்சியைக் காட்டுகிறது, ஊராட்சி மின்வாரியத்தைக் காட்டுகிறது.
– வாசகர், சேத்தியாத்தோப்பு

கம்பம் மின்வாரியம், விளக்கு ஊராட்சி. “எங்க தெரு இருட்டு” என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். கம்பத்தின் எண்ணோடு எழுதிக் கொடுங்கள், ஏணியோடு வருவார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சுமார் 2,000 பேர். கிராமசபைக்கு 40 பேர்தான் வந்தோம். தீர்மானம் நிறைவேறியதாக எழுதிக்கொண்டார்கள். செல்லுமா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

செல்லாது. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் ஊருக்கு 100. இன்னும் 60 பேரைக் கூட்டிவரும் வேலை ஊராட்சிக்கு மட்டுமா, நமக்கும்தானே? முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள். 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: தீர்மானம் எழுதுமுன் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுப் பத்திரத்தில் அப்படிப் போடுவீர்களா?

கேள்வி: தெற்குத்திட்டை விவகாரத்தை இன்னும் எத்தனை நாள் பேசுவீர்கள்? ஒரு நாற்காலிதானே?
– வாசகர், புவனகிரி

ஒரு நாற்காலிதானே என்றால், போட்டிருக்கலாமே?

உங்கள் ஒன்றியத்து ஊர் அது; சிதம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம். 2020 ஜூலையில் நடந்த ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். தேர்தலில் வென்ற தலைவர், பட்டியலினத்துப் பெண், தரையில் இருந்தார். அக்டோபரில் படம் வெளியான பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கொடியேற்றவும் தன்னை விடவில்லை என்று அந்தத் தலைவர் சொன்னார். இடைப்பட்ட மூன்று மாதம் அந்த ஊரில் யாருக்கும் அது உறுத்தவில்லையா என்று இன்றும் யோசிக்கிறேன்.

நாற்காலி வெளியே தெரிந்தது. தெரியாதது செக் புத்தகம். தலைவரை ஊரே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது; துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் திருடாமல் இருக்க மற்றவர் காவல் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒதுக்கீட்டில் வென்ற தலைவரை அடக்கிவைக்க நினைக்கும் ஊரில், துணைத் தலைவர் பேனாவைத் திறக்காமல் இருந்தால் போதும். குழாய் உடைந்தால் ஒட்ட முடியாது. கெட்ட பெயர் தலைவருக்கு.

பட்டியலினப் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் சுவாமி சகஜானந்தர் பள்ளி தொடங்கியது இதே சிதம்பரத்தில், 1916-ல். அதற்கு நூறாண்டு கழித்தும் இந்தக் கூட்டம் இப்படி நடந்திருக்கிறது. ஆகவே, பேசுவோம் ஐயா. எல்லா ஊராட்சியிலும் தலைவர் உட்கார்ந்துவிட்டார் என்று தெரியும் வரை.

கேள்வி: தலைவர் பதவியை ஏலம் விட்டால் ஊர்ப் பொதுக்காரியத்துக்குப் பணம் வருகிறது. அதில் என்ன தப்பு?
– வாசகர், பண்ருட்டி

உங்கள் பக்கத்து நடுக்குப்பத்தில் 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக 2019 டிசம்பரில் செய்தி வந்தது, நாடே பார்த்தது. கணக்குப் போடுவோம். அன்றைக்குத் தலைவரின் மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். 2022-ல்தான் 2,000 ஆனது. அந்த 1,000 கணக்கில் ஐந்து வருடத்துக்கு 60,000. மீதி 49 லட்சத்து 40 ஆயிரத்தை எங்கிருந்து எடுப்பார்? உங்கள் குடிநீர்க் குழாயிலிருந்தும் ரோட்டிலிருந்தும்தான். அதோடு, அங்கே விலைபோவது ஏலம் கேட்காதவரின் ஓட்டும் சேர்த்துத்தான். அதை விற்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கேள்வி: எங்கள் தலைவர் பெண். கூட்டத்தில் பேசுவது, கான்ட்ராக்டரைப் பார்ப்பது எல்லாம் அவர் வீட்டுக்காரர். பிறகு எதற்கு ஒதுக்கீடு?
– வாசகி, திட்டக்குடி

தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது 2016-ல். பழக்கம் மாற நாளாகும், வெளிநாட்டிலும் அப்படித்தான்: சுவிட்சர்லாந்தில் அப்பன்செல் இன்னர்ரோடன் என்றொரு மாநிலம். இன்றும் ஊர்த் திடலில் கூடிக் கையைத் தூக்கி முடிவெடுக்கிறார்கள். அங்கே பெண்கள் கையைத் தூக்க 1990-ல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பழைய வழக்கம் எங்கும் தானாக எழுந்து போவதில்லை. அடுத்த கிராமசபையில் அவர் வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தால், “அண்ணே, உட்காருங்க, நாங்க தலைவரைக் கேட்டோம்” என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்களும் பெண், நீங்கள் சொன்னால் தலைவருக்குத் தெம்பு வரும்.

கேள்வி: உத்திரமேரூர் குடவோலையைப் புகழ்கிறோமே, இன்றைக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?
– வாசகர், காட்டுமன்னார்கோவில்

கேட்பவர் வீராணத்துக்காரர்! உங்கள் வீராணம் ஏரிக்குப் பெயர் தந்தவன் வீரநாராயணன், அதாவது சோழன் முதலாம் பராந்தகன். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று செப்பேடு சொல்வதும் அவனைத்தான். ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஆள் எடுக்கும் உத்திரமேரூர் விதிகள் 919, 921-ல் அவன் ஆட்சியில்தான் கல்லில் ஏறின. பெண்ணுக்கு அதில் இடமில்லை. நிலம் இல்லாதவனுக்கும் வேதம் படிக்காதவனுக்கும் இடமில்லை. அது பிராமணர் சபை. அதையெல்லாம் விட்டுவிடலாம். ஒரு விதி மட்டும் எனக்கு வேண்டும்: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயர் மறுபடி குடத்துக்குள் போகக்கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரும் போகக்கூடாது.

கேள்வி: தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதபோது யாரிடம் போவது?
– வாசகர், குமராட்சி

2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாவிட்டால் தனி அலுவலரிடம் போங்கள். கிராமசபை அப்போதும் கூட வேண்டும். 2016 முதல் 2019 வரையும் மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. மத்திய அரசின் மானியமும் நின்றது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசியல் சட்டம் சொல்வது. அதை நான் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் போதாது.

கேள்வி: கிராமசபைக்குப் போகிறேன். ஆனால் எழுந்து பேச நாக்கு எழவில்லை.
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

நீளமாகப் பேச வேண்டாம் கண்ணு. ஒரே வரி போதும்: “போன கூட்டத்துத் தீர்மான நோட்டைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு. அவர்கள் படிக்கத் தொடங்கியதும், போடாத சாக்கடையைப் போட்டதாகக் கேட்ட பக்கத்து வீட்டு ஆயா தானாக எழுந்துகொள்வார்.