கன்னத்துல கைய வச்ச பேரனுக்கு

வாடா பேராண்டி, வந்து திண்ணையில உட்காரு. கன்னத்துல கைய முட்டுக் குடுத்துக்கிட்டு நீ பஸ்ஸ விட்டு இறங்கினதப் பார்த்ததும் உன் பாட்டி, "புள்ளைக்குக் காதல் தோல்வி போல"ன்னா. "அதுக்கெல்லாம் இவனுக்கு ஏதுடி சாமர்த்தியம், இது ஞானப்பல்லு"ன்னு நான்தான் சொன்னேன்.

17 வயசுக்கும் 25க்கும் நடுவுல வர்ற பல்லுதான் இது. மத்த பல்லெல்லாம் இடம் புடிச்சு உட்கார்ந்த பொறவு கடைசியா வர்றதால, இடம் இருந்தா நேரா நிக்கும். இல்லைன்னா சாஞ்சு பக்கத்துப் பல்ல முட்டும், இல்ல பாதித் தலைய மட்டும் நீட்டும். மிச்சத்த ஈறு மூடிக்கிட்டுக் கெடக்கும். அந்தச் சந்துக்குள்ள சோத்துப் பருக்கை போகும், அங்கேயே அழுகும், ஈறு வீங்கும். நேத்து நீ ரொட்டியோட தின்ன தேங்காச் சம்பல் இன்னும் அங்கதான் குடியிருக்கு. வாய மூடிக்கிட்டுப் பேசு, எனக்கு இங்க வரைக்கும் வாசம் வருது.

நம்ம கடுகண்ணாவைக் கணவாயில வெள்ளைக்காரன் பாறையக் குடைஞ்சு கண்டிக்கு ரோட்டுப் போட்டான்ல, உன் பல்லும் அந்த வேலையத்தான் பார்க்குது. அவன் ராஜகாரியம்னு சொல்லி ஊர் ஆளுகளப் புடிச்சு வேலை வாங்கினான். பாவம், உன் பல்லு தனியா முட்டுது. அந்த ரோட்டு வேலையப் பார்த்த கேப்டன் டோசனுக்கு 1832ல கோபுரம் கட்டினாங்க, இன்னும் நிக்குது. வலியத் தாங்கிக்கிட்டு வீட்டுல கெடந்த வீரன்னு உனக்கு எவனும் கோபுரம் கட்ட மாட்டான்.

எதிர்வீட்டு மாமா சாராயத்த வாயில ஊத்திக் கொப்பளிக்கச் சொன்னாராமே? நல்ல மனுசன். காசு குடுக்குறது நீ, கொப்பளிக்கிறது நீ, போத்தல்ல மிச்சம் இருக்குறதக் குடிக்கிறது அவரு. ஆஸ்பிரினப் பொடிச்சு ஈறுல வைக்கச் சொன்னது யாரு? வையி, தாராளமா வையி. ஈறு வெந்து வெள்ளையாப் போகும், அப்புறம் பல்லு வலி ஒண்ணுமே இல்லைன்னு தோணும். உன் பாட்டி வெத்தல, பாக்கு, பொகையில போட்டா மரத்துப்போகும்பா. பாக்கே புற்றுநோய் தரும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க 2004லயே எழுதி வச்சுட்டாங்க. நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு வர்ற புற்றுநோயில வாய்ப் புற்றுநோய்தான் முன்னால நிக்குது. ரேடியோவுல இதச் சொன்னா உன் பாட்டி ரேடியோவ நிப்பாட்டிடுவா.

சரி, இன்னைக்கு ராத்திரி தூங்கணும்ல, கேளு. வெதுவெதுப்பான தண்ணி ஒரு கிளாஸ், அதுல அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில வச்சு, தலைய வலிக்கிற பக்கமாச் சாச்சு, அந்தச் சந்துக்குள்ள தண்ணி போற மாதிரி கொஞ்ச நேரம் நிறுத்திக் கொப்பளி. ஒவ்வொரு தடவ சாப்பிட்ட பொறவும் இதச் செய்யணும். மெதுவான பிரஷ்ஷால அந்த மூலையத் தேய்க்கவும் செய்யணும், வலிக்குதுன்னு அத மட்டும் விட்டுட்டு முன் பல்ல மினுக்காத. ஐஸத் துணியில சுத்திக் கன்னத்து வெளிப்பக்கம் வை. தைலம் தடவுனா கன்னம் எரியும், பல்லுக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் கிராம்பு. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கம்தான் இந்த நாட்டுக் கிராம்பே வெளையுது, நீ அதுக்குப் போய்ப் பார்மசியில நிக்கிற! மொட்டு விரியிறதுக்கு முந்திப் பறிச்சு, பழுப்பாகுற வரைக்கும் காய வச்சாக் கிராம்பு. அதுல இருக்குற யூஜெனால்தான் மரத்துப்போக வைக்குது. ஒண்ண எடுத்து அந்தப் பல்லுக்கிட்ட மெதுவா வச்சுக்க. எண்ணெய்ன்னா பஞ்சுல ஒரு சொட்டு போதும். குப்பியோட கவுத்தா ஈறு புண்ணாகும்.

பனடோல் 500 மில்லிகிராம் ரெண்டு போடலாம். அடுத்த ரெண்டுக்கு நாலு மணி நேரமாவது போகட்டும். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல தொடாத, ஈரல் கெட்டுப்போகும். மாமா சாராயத்தையும் அதையும் சேர்த்தா இன்னும் சீக்கிரம்.

பல்லுன்னா சும்மாவா? கண்டியில புத்தரோட கோரைப்பல்லுக்குன்னே மாளிகை இருக்கு, எசல பெரஹராவுல யானை மேல பேழை போகுது. 1560ல போர்த்துக்கேயன் யாழ்ப்பாணத்துல ஒரு பல்லப் புடிச்சு, அதுதான் புத்தரோட பல்லுன்னு கோவாவுக்குக் கொண்டு போனான். பர்மாவுல பெகு ராஜா பெருந்தொகை தர்றேன்னு சொல்லியும் குடுக்காம, போர்த்துக்கேயன் அத இடிச்சு எரிச்சுட்டான். கண்டிக்காரங்க, உண்மையான பல்லு எங்ககிட்டதான் பத்திரமா இருக்குன்னுட்டாங்க. உன் பல்ல யாரும் காசு குடுத்துக் கேட்கப் போறதில்ல, அதனால பயப்படாமக் கழட்டிக் குடுக்கலாம்.

ரெண்டு நாள்ல வலி போயிரும், நீயும் மறந்துட்டு மறுபடியும் சம்பல் தின்னப் போயிருவ. பாதி முளைச்ச பல்லு அடுத்த மாசம் திரும்ப வீங்கும். நேரா வந்து தொல்லை தராத பல்லக் கழட்ட வேண்டியதில்லைதான், ஆனா எது நேரா இருக்கு, எது சாஞ்சிருக்குன்னு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் சொல்லணும், மாமா சொல்லக் கூடாது. காய்ச்சல், வாய ரெண்டு விரல் அகலம் கூடத் தொறக்க முடியலை, வீக்கம் கழுத்துக்கு இறங்குது, முழுங்க முடியலைன்னா விடியற வரைக்கும் காத்திருக்காத, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ. கழட்டின பொறவு சில நாளைக்கு சிகரெட்டத் தொடாத. தொட்டா உறைஞ்ச ரத்தம் கழண்டு எலும்பு தெரியும், இப்ப இருக்குற வலி அப்ப சொர்க்கமாத் தெரியும். நீ எங்க புடிக்கிறன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?

காலையில கண்டி பஸ்ஸ ஏறு. பிலிமத்தலாவை தாண்டினாப் பேராதனை, அங்க பல் மருத்துவ பீடமே இருக்கு. மாமாவையும் கூட்டிட்டுப் போ, அவருக்கு ரெண்டு பல்லு ஆடுது.