நீல டிக் சாட்சி

நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குக்கு 2018-லேயே முன்னுதாரணம் கிடைத்துவிட்டது. கிரெடிட் கார்டு பாக்கிக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் போன நோட்டீஸை அவர் திறந்தும் பார்த்தார் என்பதற்கு அந்த டிக்கையே சாட்சியாகப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கதவைத் தட்டி ஓய்ந்த அமீனாக்களுக்கு நிம்மதி.

ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டைச் சட்டம் அவ்வளவு சுலபமாக நம்பாது. நகல் கொடுத்தால் கூடவே சான்றிதழும் கொடு என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி ஆக இருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63 ஆகிவிட்டது. இப்போது கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணும் வேண்டும், நிபுணர் கையெழுத்தும் வேண்டும். குடும்ப குரூப்பில் காலை வணக்கத்தோடு புற்றுநோய்க்கு மருந்தும் அனுப்பும் பெரியப்பாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பல முறை ஃபார்வர்டு ஆனது என்பதே அங்கே முத்திரை.

சான்றிதழுக்கு அலைய முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. போனின் சொந்தக்காரரே கூண்டேறி அசல் கைபேசியைக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். நம்மூர் வழக்கு முடியும்வரை பேட்டரி தாங்குமா என்பது உங்கள் பாடு.