முதுசக் கண்ணாடி

லண்டன் ஹரோவில் எங்கள் வீடு 1930களில் கட்டியது. அதன் குசினியில் ஒருவர் தோசை சுட்டால், மற்றவர் சம்பல் இடிக்கக் குளியலறைக்குத்தான் போகவேண்டும். இருபது வருடம் இப்படி ஒதுங்கி ஒதுங்கிச் சீவித்தபிறகு, பின்பக்கம் நீட்டிக் கட்டுவதென்று முடிவாயிற்று. முடிவு மனைவியுடையது. கடன் என்னுடையது.

அவளுடைய திட்டம் சுருக்கமானது. பின்சுவரே வேண்டாம், ஐந்து மீற்றர் அகலத்துக்கு மடிப்புக் கண்ணாடிக் கதவு, கூரையில் இரண்டு கண்ணாடி. “ஊரிலை வெயிலுக்குப் பயந்து திண்ணையிலை ஒதுங்கினம். இஞ்சை வெயில் வாறதே நாலு நாள். அதையாவது வீட்டுக்குள்ளை எடுக்க வேண்டாமே?” என்றாள். நியாயம்தான்.

படம் கீறுகிற தம்பி வந்தார். அளந்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு, வைத்தியர் மாதிரி மெல்லச் சொன்னார்: “அண்ணை, கண்ணாடி கூடிப்போச்சு.”

எனக்குச் சீனி கூடியிருக்கிறது, கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது. கண்ணாடியும் கூடும் என்று அன்றுதான் அறிந்தேன். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் ‘பார்ட் எல்’ என்று ஒன்று உண்டு. எரிசக்தியைச் சிக்கனப்படுத்துவது அதன் வேலை. 2022 ஜூன் 15இல் நடைமுறைக்கு வந்த அதன் வழிகாட்டியின்படி, நீட்டிக் கட்டும் பகுதியின் கதவு, யன்னல், கூரைக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து அதன் தரைப்பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்களுடையது ஆறுக்கு நாலு, 24 சதுர மீற்றர். காற்பங்கு ஆறு. மனைவியின் ஆசையோ பதின்மூன்றரை.

“ஆனா அண்ணை, கட்டேக்கை இல்லாமல் போற பழைய கதவு யன்னலின்ரை பரப்பையும் கூட்டலாம்.”

அதாவது, சாகப்போகிற யன்னல் தன் பங்கைப் புது யன்னலுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறது! தேசவழமைச் சட்டத்தில் ஊறிய குடும்பத்துக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். தரையில் காற்பங்கு தேடியதேட்டம். பழைய யன்னலால் வருவது முதுசம். சீதனத்தைப் பற்றி நான் வாய்திறக்கவில்லை. மாமி பக்கத்தில் இருந்தா.

இருபது வருடமாக “திறக்கவும் ஏலாது, பூட்டவும் ஏலாது” என்று நாங்கள் திட்டித்தீர்த்த குசினி யன்னலுக்கு அன்று வந்த மரியாதையைப் பார்க்கவேண்டும். மனைவி அதைத் துடைத்துவிட்டு அளந்தாள். ஒன்றரைக்கு 1.2 மீற்றர். பின்கதவு இரண்டுக்கு 0.9. ஆளுக்கு 1.8, ஆக 3.6. எங்கள் மொத்தச் சொத்து 9.6 சதுர மீற்றர்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்றால், காரணம் ‘யூ வலியூ’. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீற்றரால் எத்தனை வாட் வெப்பம் ஒழுகும் என்ற கணக்கு அது. புதுச் சுவருக்கு 0.18க்கு மேல் போகக்கூடாது. புது யன்னலுக்கு 1.4 வரை விடுகிறார்கள். இரட்டைக் கண்ணாடி போட்டு, நடுவில் ஆர்கன் வாயு அடைத்து, கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சும் பூசிய பிறகும் சுவரைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு ஒழுக்கு. தை மாதத்தில் வெளியே பூச்சியம், உள்ளே இருபது பாகை என்றால், மனைவி கேட்ட கண்ணாடியால் மட்டும் 378 வாட் தோட்டத்துக்குப் போகும். குருவிகளுக்குக் கணகணப்பு; காஸ் பில் எனக்கு.

மாமா ஒரு குறுக்குவழி சொன்னார். “கொன்சவேற்றறி எண்டு சொல்லி அடியுங்கோ. அதுக்கு இந்தச் சட்டமில்லை.” உண்மைதான். நிலமட்டத்தில், 30 சதுர மீற்றருக்குள் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிச்சுவரும் வெளிக்கதவும் அப்படியே இருக்கவேண்டும். வீட்டுச் சூடாக்கியை அங்கே நீட்டவும் கூடாது. அடுப்பு ஒரு பக்கம், சாப்பாட்டு மேசை மறுபக்கம், நடுவில் பூட்டிய கதவு. பிட்டுப் பானையோடு யார் அந்தக் கதவைத் திறப்பது?

25 சதவீதத்தைத் தாண்ட வழியே இல்லையென்றுமில்லை. இன்னும் நல்ல கண்ணாடி போட்டோ, சுவரையும் கூரையையும் தடிப்பாக மூடியோ, இழப்பை ஈடுகட்டிக் கணக்குக் காட்டலாம். அதற்கான செலவைத் தம்பி சொன்னார். மாமி தண்ணி கேட்டா.

அன்றிரவு மனைவி கல்குலேற்றரோடு இருந்தாள். கதவு 3.6க்கு 2.1: 7.56. கூரைக் கண்ணாடி ஒன்று: 1.5. மிச்சம் 0.54. விட்டுக்கொடுப்பாளா? 90 சென்ரிமீற்றருக்கு 60இல் அடுப்புக்கு மேலே ஒரு குட்டி யன்னல், மீன் பொரிக்கிற மணம் போக. 9.6 சரியாக முடிந்தது.

ஐப்பசியில் வேலை முடிந்தது. மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் கதவு முழுக்கப் புகார். உள்ளிருந்து துடைத்தேன், போகவில்லை, ஈரம் வெளிப்பக்கம். காசு போச்சு என்று கண்ணாடிக்காரருக்கு அடித்தேன். அவர் சிரித்தார். வீட்டுச் சூடு வெளிக்கண்ணாடிக்குப் போகாததால் அது குளிர்ந்து கிடக்கிறதாம், அதனால்தான் பனி படிகிறதாம். “நல்ல கண்ணாடி எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி, அண்ணை.”

ஆகையால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். தோட்டம் தெரியும்.