மார்கழிப் படகுவாசம்: பேசின் பிரிட்ஜை முன்வைத்து ஓர் ஆய்வு

குளிர்கால விடுமுறையை வெப்பமண்டலத்தில், அதுவும் கரையேறாமல் படகிலேயே கழிப்பது மேலைநாட்டுச் செல்வந்தர்களின் வழக்கம். இதற்காக அவர்கள் கரீபியன் தீவுகளுக்கும் தாய்லாந்துக்கும் பறக்கிறார்கள். இவர்கள் தேவையில்லாமல் தூரம் போகிறார்கள் என்பதும், இந்த வாழ்க்கைக்கு உலகிலேயே தகுந்த இடம் வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. முதலில் தட்பவெப்பம். கடகரேகை 23½ பாகையில் ஓடுகிறது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஆகவே வெப்பமண்டலவாசி என்ற தகுதி நமக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. விமானச் சீட்டு மிச்சம். அப்படியானால் குளிர்காலம் எங்கே என்று கேட்பார்கள். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். லண்டன்வாசி அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுத்துக்கொள்வார். இங்கேயோ 20 டிகிரிக்கே குரங்குக் குல்லா பெட்டியைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. குளிரைத் தீர்மானிக்கும் அதிகாரம் வெப்பமானியைவிடக் குல்லாவுக்கே உண்டு என்று கொண்டால், மார்கழி ஐயத்துக்கு இடமில்லாத குளிர்காலம்.

அடுத்தது படகு. இதற்கு வரலாற்றுச் சான்று வலுவாகவே இருக்கிறது. பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முயற்சியில் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டும் வேலை தொடங்கியது. படகுகள் ஒதுங்கி நின்று சரக்கு இறக்குவதற்கான நீர்த்துறை அமைந்த இடம்தான் இன்றைய பேசின் பிரிட்ஜ். 1877–78 பஞ்ச காலத்தில், நிவாரண வேலையாக, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான துண்டு வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. பட்டினியோடு மண் சுமந்தவர்களின் பெயர் எதுவும் பரிசீலிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இந்த நீர்வழியில் விறகும் உப்பும் வந்தன. படகோட்டிகள் படகிலேயே சமைத்து, படகிலேயே உறங்கினார்கள். பாரதிதாசன் மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாய் வழியே படகில் போனதைத்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். பிறகு புயல்கள் கரைகளைச் சிதைத்தன, சாலையும் ரயிலும் சரக்கைப் பறித்தன, படகுகள் மறைந்தன. ஆனால் சட்டம் மறக்கவில்லை. 2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. எனவே கண்ணுக்குப் படகு தெரியவில்லை என்பவர், ஆய்வுநெறிப்படி, தம் கண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படகில் குளிர்காலம் கழிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதும் அல்ல. காசிமேட்டு விசைப்படகுகள் ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போனால் திரும்பப் பல நாளாகும். மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் ஏப்ரல் 15இல் தொடங்கிக் கோடையிலேயே முடிந்துவிடுவதால், புயல் எச்சரிக்கை இல்லாத குளிர்காலம் முழுவதும் இவர்கள் வெப்பமண்டலக் கடலில் படகுவாசிகளே. அது பிழைப்பு, விடுமுறை ஆகாது என்று மறுப்போர் உண்டு. ஆனால் ஒரே கடல், ஒரே மாதம், ஒரே ஆட்டம். பணம் கொடுத்து ஆடினால் உல்லாசம், பணம் வாங்கி ஆடினால் தொழில் என்பது கணக்கப்பிள்ளை செய்யும் பாகுபாடு, அறிவியலுக்கு உரியதல்ல. விடுமுறைக்கும் சான்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளோடு நகருக்குள் வந்து, மாடிகளில் சிக்கியவர்களை ஏற்றிச் சென்றார்கள். குளிர்காலம், விடுமுறை, வெப்பமண்டலம், படகு ஆகிய நான்கு கூறுகளும் ஒருசேர நிறைவேறிய மாபெரும் நிகழ்வு அது. பங்கேற்றவர்கள் யாரும் அதை மறுபடி விரும்பவில்லை என்பது வேறு செய்தி. தவிர, படகுவாசத்துக்கு வேண்டிய மனப்பயிற்சியைப் பேசின் பிரிட்ஜ் நாள்தோறும் இலவசமாகத் தருகிறது. சென்ட்ரலுக்கு வரும் ரயில் இங்கே நிற்கும். பெட்டி படுக்கையோடு வாசலில் வரிசை கட்டியவர்கள் அப்படியே நிற்பார்கள். போய்ச் சேரும் இடம் கண்ணெதிரே இருக்க, இறங்க முடியாமல் இருப்பதுதானே படகு வாழ்க்கையின் சாரம்?

இனி மறுப்புகள். கால்வாயில் ஆழம் இல்லை, சேறுதான் இருக்கிறது என்பது முதலாவது. இது குறையன்று, பாதுகாப்பு ஏற்பாடு: தரைதட்டி நிற்கும் படகு மூழ்குவதற்கு வழியே இல்லை. தெற்கே போனால் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றனவே என்பது இரண்டாவது. படகு கட்டுவதற்குக் கம்பம் தேடி அலைய வேண்டாம் என்பதே விடை. நாற்றமும் கொசுவும் மூன்றாவது. ஓட்டேரி நல்லாவின் கழிவு இங்கே வந்து கலப்பது உண்மை. ஆனால் கரையோரக் குடும்பங்கள் இவற்றோடு தலைமுறைகளாக, ஆண்டின் 12 மாதமும் வாழ்கின்றன. அது வாழத் தகுந்த இடம் என்று இத்தனை காலம் கருதி வந்த நகரம், விருந்தாளி 10 நாள் தங்குவதற்குத் தகாது என்று எந்த முகத்தோடு சொல்லும்? ஒரு மறுப்புக்கு மட்டும் இக்கட்டுரையால் வேடிக்கையாக விடை சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு, மணலி ஆலைப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் இதே கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. படகிலும் வலையிலும் எண்ணெய் அப்பிக்கொண்டது. மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். அந்தக் குளிர்காலத்தில் படகு இருந்தவர்களுக்குத்தான் பிழைப்பு இல்லாமல் போயிற்று.

கடைசி மறுப்பு எளியது: ஆலப்புழையில் கெட்டுவள்ளம் இருக்க இந்தத் தொல்லை எதற்கு? ஆலப்புழையும் ஒருகாலத்தில் சரக்குத் தோணிகளின் ஊர்தான். சரக்கு நின்றபின் அதே தோணிகள் சுற்றுலா வீடுகளாயின. ஆம்ஸ்டர்டாமிலும் ஓய்வுபெற்ற சரக்குப் படகுகள் பல வீடுகளாயின. அங்கெல்லாம் படகின் வேலை மாறியது, தண்ணீர் மிஞ்சியது. இங்கே படகு போனதோடு தண்ணீரையும் சாக்கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆகவே இந்த ஆய்வின் முடிபு இது: பேசின் பிரிட்ஜில் குளிர்காலம் உண்டு, வரலாறு உண்டு, சட்டம் உண்டு, படகோட்டத் தெரிந்தவர்களும் உண்டு, இல்லாதது நீர் மட்டுமே. கழிவைத் தடுத்து, தூர்வாரி, கரையில் இருப்பவர்களை மறுகுடியமர்வு என்ற பெயரில் பெரும்பாக்கத்துக்கு மூட்டை கட்டி அனுப்பாமல் அந்த நீரை மீட்டுக் கொடுங்கள். படகுகளைக் காசிமேட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.