டென்வர் பாதாளம்

கேள்வி: அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்துக்கு அடியில் ரகசிய உலக அரசு பதுங்கியிருக்கிறதாமே? அங்கு வைத்த சுவரோவியமே சாட்சி என்கிறார்களே?

பதில்: சாட்சியைப் பாதியிலேயே கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். லியோ டாங்குமாவின் ஓவியத்தில் விஷவாயு முகமூடிச் சிப்பாய் வாளால் புறாவைக் குத்துவது உண்மை. பக்கத்திலேயே அவன் செத்துக் கிடக்க, குழந்தைகள் வாள்களை ஏர்க்கொழுவாக்குகிறார்கள். அந்தப் பாதி மட்டும் யார் கண்ணிலும் படாது. விமான நிலையக் கல்வெட்டில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் சின்னம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சங்கத்தின் பெயரோடு. பொதுக்கூடத்தில் பெயர் பொறித்துக்கொள்வது என்ன ரகசியச் சங்கமோ! சுரங்கமும் நிஜம்தான்: ரயிலுக்கும் தானியங்கிப் பெட்டி வண்டிகளுக்கும் தோண்டியது. அந்த வண்டிகள் சூட்கேஸ்களைக் கிழித்துக் கடாசியதில்தான், பெரும்பாலும், விமான நிலையத் திறப்பு 16 மாதம் தள்ளி 1995 பிப்ரவரிக்குப் போனது. பெட்டியை ஒழுங்காகக் கொண்டு சேர்க்காதவர்களா உலகை ஆளப்போகிறார்கள்? நிர்வாகம் மட்டும் உஷார்: 2018இல் கட்டுமானத் தடுப்புகளில் சதிக்கதைகளின் பல்லி மனிதர்களைப் போட்டு ஓசி விளம்பரம் தேடிக்கொண்டது.