அட்மிஷன் சித்தப்பா

எல்லா ஊரிலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார், இளையரசனேந்தலில் இல்லாமலா? சொந்தத்தில் யாரோ ஒருவர் டல்லாஸில் இருக்கிறார் என்பதற்காக, அமெரிக்கா மொத்தத்துக்கும் பட்டா வாங்கியவர் மாதிரி பேசுவார். முன்பெல்லாம் போலீஸ் செலக்‌ஷன், ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்தான். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் ஆடி வளர்ந்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்திய அணிக்கு இறங்கியதும் மனுஷருக்குப் பார்வையே மாறிவிட்டது. மட்டை பிடிக்கிற பையனெல்லாம் ஹார்வர்டுக்குப் போகவேண்டியவன்.

டீக்கடை பெஞ்சில் அண்ணன் மகனை உட்கார வைத்து, செல்போனில் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தைத் திறப்பார். முதல் சிக்கல் முகவரியிலேயே. தாலுகா கோவில்பட்டி, அப்படியென்றால் தூத்துக்குடி மாவட்டம். ஒன்றியமோ குருவிகுளம், அது தென்காசி மாவட்டம். ஆண்டுக்கணக்காக மனு கொடுத்தும் தீராத வழக்கு இது. பெஞ்சில் இருக்கிற பெருசு ஒன்று, “சங்கரன்கோவில்னே போடுப்பா, அப்பத்தான் தபால் வரும்” என்று தீர்ப்புச் சொல்லும்.

அடுத்து, படிப்பு தவிர என்னென்ன செய்தாய் என்று பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துதான் இடம்.

“கேப்டனா இருந்தியாலே?”

“இல்ல சித்தப்பா, கோலி.”

“பாதுகாப்புப் பிரிவுத் தலைவர்னு போடு.”

650 சொல்லில் ஒரு கட்டுரை வேறு எழுதவேண்டும். அதில் கஷ்டம் சொட்டவேண்டும் என்பது சித்தப்பா கட்சி. “அப்பா டிராக்டர் வச்சிருக்காருன்னு எழுதிராத, காரியம் கெட்டுரும்” என்பார். ஆனால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா எல்லாம் இருக்கிற ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். அதற்கான படிவத்தில் வீடு, நிலம், வங்கி இருப்பு எல்லாம் ஒப்பிக்க வேண்டும். கட்டுரையில் ஒளித்த டிராக்டர் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிற்கும்.

சித்தப்பாவிடம் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. கன்சாஸ் ஸ்டேட்டில் படித்தபடியே 2018லும் 2022லும் அமெரிக்கக் கல்லூரிகளின் உயரம் தாண்டும் பட்டத்தை வென்ற தேஜஸ்வின் சங்கர், டென்னிஸால் வேக் ஃபாரஸ்ட் போன மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், ஸ்குவாஷ் ஆடி கொலம்பியாவில் படித்த வேலவன் செந்தில்குமார் என்று அடுக்குவார். எல்லாம் உண்மை. இதில் ஹாக்கி எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை. ஸ்குவாஷ் பழக வேண்டுமென்றால் சென்னை நேரு பூங்காவுக்குப் போக வேண்டும். கரிசல் காட்டில் அதற்கான சுவருக்கு எங்கே போவது?

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி கோச்சுக்கு மெயில் எழுதுவதும் அவரே. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் ஒன்றுதான் அவருக்குக் கைவந்த இங்கிலீஷ். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து, ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஹாக்கி’ என்று போய், ‘தேங்க்கிங் யூ’ என்று முடியும். யோசித்துப் பார்த்தால் நடு வரியில் பிழையே இல்லை. கூடவே, பையன் கோல் தடுக்கிற வீடியோ. அதில் பாதி நேரம் எடுத்தவருடைய விரல்தான் தெரியும்.

பதில் வந்தது. மரியாதையான பதில். எழுதியவர் ஒரு அம்மா. தம்பி நன்றாகத் தடுக்கிறார், ஆனால் எங்களுடையது பெண்கள் அணி என்று இரண்டே வரி. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் நம் ஊர் ஹாக்கி பெண்களுக்கான ஆட்டம். அதே பெயரில் ஆண்கள் ஆடுவது பனித்தரையில், காலில் சக்கரமில்லாத ஸ்கேட் மாட்டிக்கொண்டு. கோவில்பட்டியில் பனிக்கட்டி ஜூஸ் கடையில்தான் கிடைக்கும்.

வேறொருவராக இருந்தால் செல்போனை மூடிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். சித்தப்பா நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அங்கே எட்டாம் வகுப்பு மருமகள் திண்ணையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பத்தாவது முடிக்கிற வரைக்கும் அங்க உள்ள கோச்சு உன்கிட்ட பேசக்கூடாதாம், அது ரூல். அதுக்குள்ள மட்டை வாங்கிரலாம்மா.”

அவள் பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டாள்: “மாமா, கணக்குக்கு எதும் தரமாட்டாங்களா?”

சித்தப்பா செல்போனை எடுத்தார். “இரு, அதுக்கும் ஒரு கட்டம் இருக்கும்.”