அட்டகாமாவில் திருவாதிரை

சிலி நாட்டின் சான் பெத்ரோ தே அட்டகாமாவில் பௌர்ணமிக்கு மரியாதையே இல்லை. நாம் அன்றைக்குக் கிரிவலம் போவோம்; அங்கே நட்சத்திரம் காட்டுகிறவர்கள் கடையைச் சாத்திவிடுகிறார்கள். நிலா வந்தால் மற்றதெல்லாம் மங்கிவிடுமாம். ஆகவே ஒரு மார்ச் மாத அமாவாசை இருட்டில் நானும் மனைவியும் வேனில் ஏறினோம்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர். பகலெல்லாம் வறுத்தெடுத்த பாலைவனம் ராத்திரியில் பல்லைக் கிட்ட வைத்தது. என் ஸ்வெட்டர் கொடைக்கானலுக்கு வாங்கியது; அங்கேயே திணறியது. வழிகாட்டியின் முதல் உத்தரவு, செல்போனை எடுக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாகும். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்குக்கு மட்டும் அனுமதி. அந்த அரை மணி நேரம் முடிந்த கையோடு ஒரு பெரியவரின் பாக்கெட்டில் போன் மின்னியது. அத்தனை பேரும் அவரை முறைத்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்ததால், கண் பழகிவிட்டது என்று உறுதியானது.

பிறகு வழிகாட்டி எல்லோருடைய ராசியையும் விசாரித்தார். சிம்மம், விருச்சிகம் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் நான் "திருவாதிரை" என்றேன். மனைவி விளக்கியதும் அவருக்கு ஒரே குஷி. "பீட்டல்ஜூஸ்!" பச்சை லேசர் மேலே பாய்ந்தது.

எத்தனையோ அர்ச்சனையில் பெயர், நட்சத்திரம் ஒப்பித்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. எங்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியரும் ஜன்னலைத் திறந்ததாக நினைவில்லை. முதல் சந்திப்பிலேயே அது தலைகீழாக இருந்தது. தென் அரைக்கோளத்தில், அது இருக்கும் ஓரியன் வேட்டைக்காரருக்குக் கால் மேலே, தலை கீழே.

திருவாதிரை வயதான சிவப்புப் பெரும்பூதமாம். நாளைக்கே வெடிக்கலாம், ஒரு லட்சம் வருஷமும் ஆகலாம். 2019 கடைசியில் திடீரென மங்கியபோது வெடிக்கத்தான் போகிறதோ என்று பரபரப்பு. பார்த்தால், அது கக்கிய தூசு அதையே மறைத்திருக்கிறது.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு எல்லாரையும் பயமுறுத்தறது. உள்ள ஒண்ணும் இருக்காது" என்றாள் மனைவி, பொதுவாக.

இன்கா மக்கள் பால்வீதியின் கரும் திட்டுகளிலும் உருவம் கண்டவர்கள் என்றார் வழிகாட்டி. அதில் ஒன்று லாமா. ஆல்ஃபா செண்டாரியும் பீட்டா செண்டாரியும் அதன் கண்கள். எல்லோரும் "ஆகா" என்றார்கள். கோயில் தூணில் கைடு காட்டும் சிற்பத்துக்குத் தலையாட்டுவது போல நானும் சொல்லிவைத்தேன். தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா வெறும் சாம்பல் புகை. அவ்வளவு மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் பிரியாதாம். காசு கட்டியாயிற்று, அதற்கும் ஒரு "ஆகா".

மனைவிக்குச் சித்திரை. அந்த ஸ்பைகா அப்போதுதான் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. என்னுடையது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜோசியர் சரியாத்தாங்க பார்த்திருக்கார்."